சித்திரம் கைமாறும் வேளை

மார்கழி மாதத்து விடியற்காலையிலே முற்றத்தைத் தெளித்துக் கோலமிடும் பெண்மணியை நேயர்கள் கண்டிருப்பர். அவர் நெஞ்சில் இருப்பது கோலத்தின் தோற்றம் மட்டுமன்று, அதன் கணக்குமாகும். நடுவரிசைக்கு 15 புள்ளி, அதன் இருபுறமும் வரிசைக்கு இவ்வளவு குறைவு, இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு இவ்வாறு வளைவு என்னும் முறையே அவர் கையை நடத்துகின்றது. அக்கணக்கை அறிந்தவர் அதே கோலத்தை ஒரு மணைப்பலகையின்மேல் அடக்கவும் வல்லவர். கோயில் வீதியின் அகலத்துக்கு விரிக்கவும் வல்லவர். ஓர் இதழைக் கூட்டுவதும் ஒரு சுழியைக் குறைப்பதும் அவருக்கு எளிது. அக்கோலத்தை ஒளிப்படமாகப் பிடித்து வைத்திருப்பவரின் நிலை வேறு. பார்த்து மகிழ அவருக்கு அது போதும். பெருப்பிக்க முற்பட்டாலோ படம் மங்கும். ஓர் இதழை மாற்ற முற்பட்டாலோ வழியில்லை.

கணினியிலே ஆக்கப்படும் சித்திரங்களும் இவ்விரு வகையின. கணக்காக நிற்பது ஒன்று. படமாக நிற்பது மற்றொன்று. முன்னையது வெக்டர் சித்திரம் எனப்படும். வெக்டர் என்பது இலங்கைப் பாடசாலைக் கணிதத்திலே காவி எனக் கற்பிக்கப்படும் சொல்லேயாகும். பின்னையதைப் புள்ளிப்படம் எனலாம். கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒளிப்படமும், ஜேபெக், பி.என்.ஜி. என்னும் பெயர்களால் வழங்கும் கோப்புகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவை.

இலச்சினை, விளம்பரப் பலகை, நூலட்டை, பொருட்பொதியின் மேலுறை முதலியவற்றை வரைந்து கொடுப்போரும் வரைவித்துப் பெறுவோரும் இன்று பலராவர். வரைந்த சித்திரம் வரைஞர் கையிலிருந்து வாடிக்கையாளர் கைக்கு மாறும் வேளையிலே, அது கணக்காக மாறுகின்றதா, வெறும் படமாக மாறுகின்றதா என்பதை அறுதியிடுவது அதனைச் சேமித்துக் கொடுக்கும் கோப்பு வகையாகும். அற்பமாகத் தோன்றும் இத்தெரிவினால் விளையும் நன்மையும் தீமையும் பல ஆண்டுகள் நீடிப்பன. ஆகவே அதனைச் சற்று விரிவாக ஆராய்தல் பயனுடையது.

இருவகைச் சித்திரங்களுக்குமுள்ள வேறுபாட்டை ஓர் எளிய எண்கணக்கால் விளக்கலாம். 10 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுர இலச்சினை ஒன்று, அச்சுத்தொழிலில் பெரிதும் வழங்கும் அளவாகிய அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் புள்ளிப்படமாகச் சேமிக்கப்படுமாயின், பக்கமொன்றுக்கு ஏறத்தாழ 1,181 புள்ளிகள் அமையும்; மொத்தம் ஏறத்தாழ 14 இலட்சம் புள்ளிகளாகும். அதே படத்தை 1 மீற்றர் பக்கமுள்ள பலகைக்குப் பெருப்பித்தால் அங்குலத்துக்கு 30 புள்ளிகளே எஞ்சும். விளிம்புகள் படிக்கட்டுப் போலத் தோன்றும். வெக்டர் சித்திரத்திலோ, ஒரு வட்டம் என்பது அதன் மையம், ஆரை, நிறம் என்னும் சில எண்களே. ஆரையைப் பத்தினாற் பெருக்கினால் வட்டம் பத்து மடங்காகும். விளிம்பின் தெளிவு எள்ளளவும் குன்றாது.

வட்டமும் சதுரமும் இவ்வாறு எண்ணாகும் என்பது எளிதில் விளங்கும். ஒழுங்கற்ற வளைவு எவ்வாறு எண்ணாகும் என்ற வினாவுக்கு விடை கண்டோர் பிரான்சு நாட்டு மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளிற் பணிபுரிந்தோராவர். சித்ரோயன் நிறுவனத்தைச் சேர்ந்த போல் டி காஸ்தெல்ஜோ 1959 ஆம் ஆண்டளவிலும், ரெனோ நிறுவனத்தைச் சேர்ந்த பியர் பெசியே 1960களிலும், வண்டியின் தகட்டு வளைவுகளைக் கணிதமுறையில் அமைக்கும் வழியை வகுத்தனர். இரு முனைப்புள்ளிகள், வளைவைத் தம்பால் இழுத்துப் பிடிக்கும் வேறிரு புள்ளிகள் ஆகிய நான்கினால் ஒரு வளைவு முற்றாக நிர்ணயிக்கப்படும். அன்று வண்டித் தகட்டுக்கு வகுத்த அவ்வழியே இன்று இலச்சினையின் இதழுக்கும் எழுத்தின் சுழிக்கும் பயன்படுகின்றது. அப்புள்ளிகளுள் ஒன்றை நகர்த்தினால் வளைவு மாறும். திருத்தத்தக்க சித்திரம் என்பதன் உயிர் இதிலேயே உள்ளது.

இவ்வுயிர் இழக்கப்படும்போது நேர்வது யாது? ஒரு கிராமத்துக் கூட்டுறவுச் சங்கம் தன் பொன்விழாவுக்கென இலச்சினை ஒன்றை வரைவிக்கின்றது எனக் கொள்க. வரைஞர் நன்றாகவே வரைந்து, அதனை ஜேபெக் படமாக அனுப்பிவைக்கின்றார். கடிதத்தாளிலும் அழைப்பிதழிலும் அது அழகுற அமைகின்றது. கூலியும் கொடுபடுகின்றது. நான்காண்டுகள் கழிந்தபின் சங்கத்தின் பெயரில் ஒரு சொல் மாறுகின்றது. வாயிலுக்குப் பெரிய பலகையொன்றும் வேண்டப்படுகின்றது. பலகை எழுதுவோர் மூலக்கோப்பைக் கேட்கின்றனர். வரைஞரோ வெளிநாடு சென்றுவிட்டார். அவரது பழைய கணினியும் பழுதாகிவிட்டது. சங்கத்தின் கையில் உள்ளது ஒரு படம் மட்டுமே. ஒரு சொல்லை மாற்றுவதற்காக முழு இலச்சினையையும் மீண்டும் வரைவிக்க நேர்கின்றது. மீண்டும் வரைபவர் கையிலே பழைய வளைவு சற்றுப் பிறழும். நிறமும் சற்று மாறும். இவ்வாறு இரண்டொரு முறை நிகழ்ந்துவிட்டால் ஒரே சங்கம் மூன்று இலச்சினைகளோடு நடமாடும். இங்கே எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. கைமாறும் வேளையில் எவரும் கேளாதிருந்த ஒரு கேள்வியே இத்தனைக்கும் காரணம்.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தைத் தெளிதல் வேண்டும். புள்ளிப்படம் ஒன்றை வெக்டர் கோப்பொன்றினுள் வைத்துச் சேமித்தால் அது வெக்டர் சித்திரமாகிவிடாது. கோப்பின் பெயரில் இறுதியிலுள்ள எழுத்துகள் மாறுமேயன்றி உள்ளிருப்பது மாறாது. பித்தளைச் செம்பை வெள்ளித் தட்டில் வைத்தாற் செம்பு வெள்ளியாகாதது போல. புள்ளிப்படத்தின் விளிம்புகளைத் தானாகவே தொடர்ந்து சென்று கோடாக்கித் தரும் கருவிகளும் உள. அவை தரும் கோடுகளிலே வரைஞரின் கருத்து இராது. வட்டமாக இருந்தது நூற்றுக்கணக்கான முனைகளாற் சிதைந்த கோணலாக வரும். எழுத்தாக இருந்தது எழுத்தறியாத வடிவமாக வரும். வேறு வழியற்ற இடத்து அவை உதவுவன, மூலக்கோப்புக்கு ஈடாகமாட்டா. சித்திரத்தைத் திரையில் பல மடங்கு பெருப்பித்துப் பார்ப்பதே எளிய சோதனை. விளிம்பு கூராகவே நின்றால் அது வெக்டர். சதுரத் துணுக்குகள் தோன்றினால் புள்ளிப்படம்.

வெக்டராக இருப்பினும் திருத்தத்தக்க தன்மையிலே தரவேறுபாடு உண்டு. நான்கு பண்புகளை நோக்கி அதனை மதிப்பிடலாம். எழுத்து எழுத்தாகவே இருக்கின்றதா என்பது முதலாவது. அவ்வாறிருந்தாற் பிழையான சொல்லைத் தட்டச்சுச் செய்தே திருத்தலாம். பின்னணி, உருவம், எழுத்து என்பன பெயரிட்ட அடுக்குகளாகப் பிரிந்து நிற்கின்றனவா என்பது இரண்டாவது. வட்டம் வட்டமாகவும், கோடு தடிப்புடைய கோடாகவும் இருக்கின்றனவா என்பது மூன்றாவது. நிறங்கள் பெயரிடப்பட்டு, ஓரிடத்தில் மாற்றினால் எங்கும் மாறும்படி அமைந்துள்ளனவா என்பது நான்காவது. நிழல், ஒளிபுகும் தன்மை முதலிய அலங்காரங்களும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கவை. ஒரு கோப்பு வகையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது இப்பண்புகளுட் சில நசிந்துபோகும். அவித்த கொழுக்கட்டையிலிருந்து மாவையும் சர்க்கரையையும் தனித்தனியே மீட்க இயலாததுபோல், நசிந்தவற்றை மீட்டலும் அரிது.

இனி, வழக்கிலுள்ள கோப்பு வகைகளை ஒவ்வொன்றாக நோக்கலாம். முதலில் வைத்தெண்ணத்தக்கவை அவ்வம் மென்பொருளுக்கே உரிய சொந்தக் கோப்புகள். அமெரிக்க நாட்டு அடோபி நிறுவனம் 1987 இல் வெளியிட்ட இல்லஸ்ட்ரேட்டர் என்னும் மென்பொருளுக்கு ஏ.ஐ. கோப்பும், கனடா நாட்டு கோரல் நிறுவனம் 1989 இல் வெளியிட்ட கோரல் ட்ரோ என்னும் மென்பொருளுக்கு சி.டி.ஆர். கோப்பும் உரியன. மேற்கூறிய பண்புகள் யாவும் குறைவின்றி நிற்பது சொந்தக் கோப்பிலேதான். அதன் குறை யாதெனின், அதே மென்பொருளை உடையவரே அதனை முழுமையாகத் திறக்க வல்லவர். அதே மென்பொருளாயினும் புதிய பதிப்பிற் சேமித்ததைப் பழைய பதிப்பு ஏற்பதில்லை. ஆதலால், பெறுபவரிடம் உள்ள பதிப்பை முன்னரே வினவி, அதற்கேற்பப் பழைய பதிப்பின் முறையிற் சேமித்துக் கொடுத்தல் வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரின் 9 ஆம் பதிப்பு 2000 ஆம் ஆண்டில் வந்ததிலிருந்து, ஏ.ஐ. கோப்பினுள்ளே பி.டி.எஃப். வடிவமும் உடன் சேமிக்கப்பட வாய்ப்புண்டு. சேமிக்கும்போது அவ்வாய்ப்பைத் தெரிந்துகொண்டால், பிற மென்பொருள்களும் அதனைப் பி.டி.எஃப். ஆகவேனும் திறத்தல் கூடும். கோப்பின் பருமனைக் குறைக்கக் கருதி அவ்வாய்ப்பை விலக்கிவிட்டால் அவ்வழியும் அடைபடும்.

அடுத்தது ஈ.பி.எஸ். எனப்படும் கோப்பு. அடோபி நிறுவனம் 1984 இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க விவரிப்பு மொழியிற் பிறந்தது அது. நீண்டகாலம் அச்சகங்கள் பலவற்றுக்கும் பொதுமொழியாக அதுவே விளங்கிற்று. இன்றும் வெக்டர் கோப்பென்றால் ஈ.பி.எஸ். எனக் கேட்போர் உளர். ஆயின் அதன் காலம் தேய்ந்துவருகின்றது. ஒளிபுகும் தன்மையை அது தன்னியல்பில் அறியாது. அத்தகைய பகுதிகளைத் துண்டுதுண்டாக நறுக்கியே ஏற்கும். கேடு விளைவிக்கும் கட்டளைகளை உட்புகுத்த இடந்தருவதனால், 2017 இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தன் அலுவலக மென்பொருளில் அதனைச் சேர்க்கும் வசதியை நிறுத்தியது. 2022 இல் வெளிவந்த வென்ச்சுரா என்னும் ஆப்பிள் கணினி இயங்குமுறையில், படம் பார்ப்பதற்கான செயலியும் அதனைத் திறப்பதைக் கைவிட்டது. பழைய பொறிகளை வைத்திருப்போர் கேட்டாற் கொடுக்கலாம்; அதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

மூன்றாவது பி.டி.எஃப். இதனையும் தோற்றுவித்தது அடோபி நிறுவனமே, ஆண்டு 1993. ஆயினும் 2008 இல் இது சர்வதேச நியம நிறுவனத்தின் ஐ.எஸ்.ஓ. 32000 என்னும் நியமமாயிற்று. ஆகவே ஒரு நிறுவனத்தின் தனியுடைமை என்னும் குறை இதற்கு நீங்கியது. எழுத்துருவை உள்ளடக்கும், அச்சு நிறங்களை உள்ளபடியே ஏந்தும், எக்கணினியிலும் ஒரே தோற்றம் தரும். அச்சுத்தொழிலுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 15930 என்னும் நியமத்தின்கீழ் பி.டி.எஃப். எக்ஸ் என்னும் கட்டுப்பாடான வகைகளும் வகுக்கப்பட்டன. எனினும் பி.டி.எஃப். பார்ப்பதற்கும் அச்சிடுவதற்கும் பிறந்ததேயன்றித் திருத்துவதற்குப் பிறந்ததன்று. வேறொரு மென்பொருளில் திறந்து நோக்கினால், ஒரு பந்தியாக இருந்த எழுத்து வரிவரியாக உடைந்திருக்கும், அடுக்குகள் ஒன்றாகியிருக்கும். வளைவுகளைத் திருத்தலாம், வரைஞரின் அமைப்பைப் பெரும்பாலும் மீட்க இயலாது.

நான்காவது எஸ்.வி.ஜி. உலகளாவிய வலையின் நியமங்களை வகுக்கும் டபிள்யூ.3.சி. என்னும் கூட்டமைப்பு இதனை 2001 இல் வெளியிட்டது. இதன் சிறப்பு, இது வெறும் எழுத்துக் கோப்பு என்பதே. எந்தச் சித்திர மென்பொருளும் இல்லாத ஒருவர், சாதாரண எழுத்துச் செயலியில் இதனைத் திறந்து, இங்கே வட்டம், மையம் இது, ஆரை இது, நிறம் இது எனப் படித்துணரலாம். நிறத்தின் எண்ணை மாற்றிச் சேமிக்கவும் செய்யலாம். கோலத்தின் கணக்கை ஏட்டில் எழுதிவைத்தது போன்றது அது. 2003 இல் தொடங்கப்பட்ட இங்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருள் இதனையே தன் சொந்தக் கோப்பாகக் கொண்டுள்ளது. ஆதலால் எவரும் பணம் கொடாமலே இதனைத் திறந்து திருத்தும் வழி உண்டு.

எஸ்.வி.ஜி. கோப்புக்கும் குறைகள் இல்லாமலில்லை. அது திரைக்கென வகுக்கப்பட்டது. அச்சகத்தின் நால்வண்ண மையளவுகளை நடைமுறையில் அது தாங்குவதில்லை. பல பக்கங்களையும் பெரும்பாலான மென்பொருள்கள் அதிற் சேமிப்பதில்லை. அளவிலும் ஒரு பொறி உண்டு. சில மென்பொருள்கள் ஓர் அங்குலத்தை 72 அலகாகவும், வேறு சில 96 அலகாகவும் கொள்கின்றன. ஒன்றில் 10 சென்ரிமீற்றராக வரைந்தது மற்றொன்றில் ஏழரைச் சென்ரிமீற்றராகத் திறக்கக்கூடும். கடிதத்தாளில் இது பெருங்குற்றமன்று. மரத்தையோ உலோகத் தகட்டையோ வெட்டும் பொறிக்கு அனுப்பும்போது பொருளே வீணாகும். அத்தகைய வெட்டுப்பொறிகள் கேட்கும் டி.எக்ஸ்.எஃப். என்னும் கோப்பு, 1982 இல் ஓட்டோகாட் மென்பொருளோடு தோன்றியது. அது கோடுகளை நன்கு கடத்தும். நிறம், எழுத்து முதலிய அலங்காரங்களுக்கு ஏற்றதன்று. எந்தக் கோப்பாயினும் உரிய அளவைச் சொல்லால் எழுதி உடன் கொடுத்தலே பாதுகாப்பாகும்.

ஒரே நிறுவனத்தின் சொந்தக் கோப்பை மட்டும் நம்பியிருப்பதால் நேரும் இடர் கற்பனையன்று என்பதற்கு ஃப்ரீஹான்ட் என்னும் மென்பொருளின் வரலாறு சான்றாகும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆல்ட்சிஸ் நிறுவனம் ஆக்கிய அதனை, ஆல்டஸ் என்னும் நிறுவனம் 1988 இல் வெளியிட்டது. இல்லஸ்ட்ரேட்டருக்கு இணையான போட்டியாகப் பல நாடுகளிலும் வரைஞர்கள் அதனை விரும்பிப் பயின்றனர். 1995 இல் அது மக்ரோமீடியா நிறுவனத்திடம் சென்றது. 2005 இல் அந்நிறுவனத்தையே அடோபி வாங்கியது. ஒரே நிறுவனத்திடம் இரு போட்டி மென்பொருள்களும் சேர்ந்தபின், 2007 இல் ஃப்ரீஹான்டின் வளர்ச்சி நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2011 இல் வந்த ஆப்பிள் கணினி இயங்குமுறையில், பழைய செயலிகளுக்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் இயங்காதொழிந்தன. ஃப்ரீஹான்டும் அவற்றுள் ஒன்று.

இருபதாண்டுக்காலம் வரைந்து குவித்த சித்திரங்கள் கையிலிருந்தும், அவற்றைத் திறக்கும் சாவி இல்லாத நிலை பலருக்கு ஏற்பட்டது. பழைய கணினி ஒன்றை அதற்கெனவே பேணி வைத்தவர்களும் உளர். 2014 இல் வெளியான லிப்ரே ஒஃபிஸ் என்னும் இலவச மென்பொருளின் 4.2 ஆம் பதிப்பு அக்கோப்புகளைப் படிக்கும் வசதியைச் சேர்த்தது. தன்னார்வலர் சிலர், கோப்பின் உள்ளமைப்பைத் துருவி ஆராய்ந்து கண்டுபிடித்ததனாற் கிட்டிய உதவி அது. அவ்வுதவி கிட்டியது நற்பேறு. கிட்டாமற் போயிருக்கவும் கூடும். ஃப்ரீஹான்டிற் சேமித்தபோதே பொதுக்கோப்பாகவும் ஒரு படி எடுத்து வைத்தவர்க்கு இத்துன்பம் இல்லை.

தமிழ் எழுத்து இடம்பெறும் சித்திரங்களிலே வேறொரு சிக்கலும் உண்டு. இலங்கையில் நெடுங்காலம் வழங்கிவரும் பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்து ஆக்கப்பட்டவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், தமிழ்ப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கூட்டமே தோன்றும். யூனிகோட் முறையில் எழுதினால் இக்குறை இல்லை. எழுத்துரு மாறினும் எழுத்து தமிழாகவே நிற்கும். ஆனால் அங்கும் ஒரு நுட்பம் உண்டு. கணினியின் நினைவிலே ககரத்தின் பின் நிற்கும் ஒற்றைக்கொம்பு, கண்ணுக்கு அதன் முன்னே தோன்றவேண்டும். இவ்வொழுங்கை அறியாத மென்பொருள் கொம்பை இடமாற்றிக் காட்டிவிடும். பெயர்ப்பலகையிற் கொம்பு பிறழ்ந்து நிற்கும் காட்சியைத் தெருவிற் கண்டு வருந்தாத தமிழாசிரியர் இலர்.

இதற்குப் பரிகாரம் எழுத்தை வளைவுகளாக மாற்றிச் சேமித்தலாகும். மாற்றியபின் எழுத்துரு வேண்டியதில்லை. எங்கு திறப்பினும் வடிவம் பிறழாது. ஆயினும், மாற்றியபின் அது எழுத்தன்று, உருவமே. அதில் எழுத்துப்பிழை இருப்பின் தட்டச்சாற் திருத்த இயலாது. ஆகவே எழுத்து எழுத்தாகவே உள்ள படி ஒன்றும், வளைவாக மாற்றிய படி ஒன்றும் என இரண்டும் கொடுத்தல் வேண்டும். எழுத்துருவின் பெயரையும் பதிப்பையும் எழுதிக் கொடுத்தலும் கடன். விலைகொடுத்து வாங்கிய எழுத்துருவைப் பிறர்க்கு வழங்க உரிமம் இடந்தராமலிருக்கலாம். நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் போலத் திறந்த உரிமத்தில் வெளியானவற்றைப் பயன்படுத்தினால், எழுத்துருவையே உடன்சேர்த்துக் கொடுத்தலும் முறையாகும்.

நிறம் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். திரை, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுவது. அச்சுப்பொறியோ சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் மைகளைத் தாளிற் படியவைத்து நிறம் காட்டுவது. திரையில் ஒளிரும் சில பச்சைகளையும் நீலங்களையும் மை எட்ட இயலாது. எனவே இலச்சினையின் ஒவ்வொரு நிறத்துக்கும் திரையளவு இது, மையளவு இது என இரண்டையும் வரைஞரே அறுதியிட்டு எழுதித் தருதல் நன்று. அவ்வாறு தராவிடின், ஒவ்வோர் அச்சகமும் தன் தன் முறையில் மாற்றிக்கொள்ளும். கடிதத்தாளில் ஒரு சிவப்பும் பதாகையில் மற்றொரு சிவப்புமாக முடியும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, எக்கோப்பு வகை சிறந்தது என்னும் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை இல்லை என்பது புலனாகும். கேட்கவேண்டிய கேள்வி வேறு. யார், எக்கருவி கொண்டு, எதனைச் செய்யப் போகின்றார் என்பதே அது. அதற்கேற்ப நால்வகைப் பொருள்களை ஒரே உறையிலிட்டுக் கொடுப்பது நல்ல வழக்கமாகும். முதலாவது, எழுத்தும் அடுக்கும் உயிருடன் நிற்கும் சொந்தக் கோப்பு; சித்திரத்துள் இணைத்த ஒளிப்படங்களும் அதனோடு சேர்தல் வேண்டும். இரண்டாவது, எவரும் திறக்கத்தக்க பொதுக்கோப்புகளாகிய எஸ்.வி.ஜி., பி.டி.எஃப். என்பன, இவற்றில் எழுத்து உள்ள படியும் வளைவாக்கிய படியும் தனித்தனியே பெயரிடப்படும். மூன்றாவது, அன்றாடப் பயனுக்கான கோப்புகள், அச்சுக்குப் பி.டி.எஃப். எக்ஸ், திரைக்குப் பின்னணியற்ற பி.என்.ஜி. நான்காவது, ஒரு பக்கக் குறிப்பு. மென்பொருளின் பெயர், பதிப்பு, எழுத்துரு, நிறங்களின் அளவு, சித்திரத்தின் அளவு, முடித்த திகதி ஆகியன அதில் இருக்கும். இந்நான்கையும் ஆயத்தஞ்செய்ய அரைமணி நேரம் செல்லலாம். பின்னொருநாள் மீண்டும் வரைவதற்குச் செல்லும் நாட்களோடு ஒப்பிட்டால் அது சிறிதேயாகும்.

கொடுப்பதன்முன் சோதித்தல் அதனினும் இன்றியமையாதது. தான் வரைந்த கணினியிலேயே திறந்து பார்த்து நிறைவடைதல் சோதனையாகாது. அங்கே எழுத்துருவும் இணைப்புகளும் இருப்பதனால் எதுவும் நன்றாகவே தோன்றும். வேறொரு கணினியில், இயன்றால் வேறொரு மென்பொருளில், கோப்பைத் திறந்து மூன்று செயல்களைச் செய்து பார்த்தல் வேண்டும். ஒரு சொல்லை மாற்றுதல், ஒரு நிறத்தை மாற்றுதல், பத்து மடங்கு பெருப்பித்தல் என்பன அவை. மூன்றும் இடரின்றி முடிந்தால் சித்திரம் உண்மையிலே கைமாறிவிட்டது எனலாம். பெறுபவரும் இச்சோதனையைக் கணக்குத் தீர்க்குமுன் செய்துகொள்ளலாம். தமக்கு மென்பொருள் இல்லையெனினும் தம் அச்சகத்தாரிடம் கொடுத்துப் பார்க்கலாம்.

மூலக்கோப்பைக் கொடுக்க வரைஞர் கடமைப்பட்டவரா என்னும் வினா அடிக்கடி மனத்தாங்கலில் முடிவதுண்டு. வரைஞர் பக்கத்திலும் நியாயம் உண்டு. மூலக்கோப்பைக் கொடுத்தால் பயிலாத கை அதனைச் சிதைக்கலாம். பின்னர் வரவேண்டிய வேலையும் வராதொழியலாம். வாடிக்கையாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு. தம் பெயரைத் தாங்கிய சின்னத்தில் ஒரு சொல்லை மாற்ற என்றும் பிறர் தயவை நாடியிருக்க எவரும் விரும்பார். இருசாராரின் நியாயத்தையும் ஒருங்கே காக்கும் வழி, வேலை தொடங்குமுன்னரே பேசித் தீர்த்தலாகும். எந்தக் கோப்புகள் கொடுபடும், மூலக்கோப்பும் அதில் அடங்குமா, அடங்கின் அதற்குத் தனி விலை உண்டா, திருத்தும் உரிமை யாருக்கு என்பவற்றைக் கடிதத்தில் எழுதிக்கொண்டால், பிற்காலத்தில் நட்புக் கெடாது. பள்ளி இலச்சினை, ஆலயத்தின் சின்னம், சங்கத்தின் முத்திரை போன்று ஒருவருடைய வாழ்நாளையும் கடந்து நிலைக்கவேண்டியவற்றுக்கு மூலக்கோப்பையும் பெற்றுக்கொள்ளுதலே தக்கது.

பெற்றதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பனையோலை ஏடுகளைப் பேணிய முன்னோர், ஓலை செல்லரிக்குமுன்னரே புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி வைத்தனர். பெயர்த்தெழுதப்படாதவை மறைந்தன, எழுதப்பட்டவையே பிற்காலத்துப் பதிப்பாசிரியர் கைக்கு எட்டின. கணினிக் கோப்புக்கும் அந்நியதியே பொருந்தும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கோப்புகளைத் திறந்து பார்த்து, திறக்கும் மென்பொருள் மறையுமுன் புதிய வகையில் ஒரு படி எடுத்து, இரண்டு இடங்களிற் சேமித்து வைத்தல் வேண்டும். வரைந்தவர் அருகில் இல்லாத காலத்திலும், இன்று முகமறியாத ஒருவர் அக்கோப்பைத் திறந்து, வேண்டிய ஒரு சொல்லை மாற்றி, மீண்டும் மூடிவைக்க இயலுமாயின், அச்சித்திரம் முறையாக ஒப்படைக்கப்பட்டதாகும்.